எழுதப் பழகுவோம்

(பொன்விழா ஆண்டில் நம் பங்கு அரங்கில் நடைபெற்ற பங்கு மக்கள் கூட்டத்தில், ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் ஆற்றிய உரை)

 

பொன்விழாக் கூட்டத்தில் தேர்த்திருவிழாவைப் பற்றியோ, கோவில் கட்டிய பாட்டைப் பற்றியோ பேசுவதுதான் வழக்கம். என்னை எழுத்தைப் பற்றிப் பேசும்படி சுவாமி பணித்திருக்கிறார்கள். அதற்குக் காரணம் உண்டு. அந்தக் காரணத்தையே முதலில் சொல்லிவிடுகிறேன்.

மலர்க்குழுவில் என்னையும் ஒருவனாகச் சேர்த்தார்கள். நம் பங்கின் ஐம்பது ஆண்டு வரலாற்றை எழுதுவது என் பொறுப்பு. நாற்பது குடும்பங்களுக்கு வெள்ளைத்தாள் கொடுத்து, "உங்களுக்கு நினைவிருப்பதை இரண்டு பக்கம் எழுதித் தாருங்கள்" என்று கேட்டுக்கொண்டோம். ஒரு மாதம் கழித்துப் போனபோது முப்பத்தேழு வீடுகளில் தாள் வெள்ளையாகவே இருந்தது. "நமக்கெல்லாம் எழுத வருமுங்களா? நீங்களே எழுதிக்கோங்க" என்றார்கள். வாயால் கேட்டால் மணிக்கணக்கில் சொல்கிறார்கள். பேனாவைக் கொடுத்தால் கை நடுங்குகிறது.

சரி, ஏடுகளைப் பார்ப்போம் என்று ஞானஸ்நானப் பதிவேட்டையும் கலியாணப் பதிவேட்டையும் புரட்டினோம். பெயர் இருக்கிறது, தேதி இருக்கிறது, ஞானப்பெற்றோர் பெயர் இருக்கிறது. கணக்குப் புத்தகத்தில் சிமெண்டு மூட்டைக்கும் செங்கல்லுக்கும் கொடுத்த தொகை இருக்கிறது. ஆனால், ஓலைக் கொட்டகையில் முதல் பூசை நடந்த அன்று யார் யார் வந்தார்கள், மணி எந்த ஊரிலிருந்து எந்த வண்டியில் வந்தது, பீடத்துக்குக் கல் கொடுத்தவர் யார் என்பதெல்லாம் எதிலும் இல்லை. அவற்றையெல்லாம் அறிந்திருந்த கொத்தனார் ஒருவர் நம்மிடையே இருந்தார். சென்ற ஆண்டு அவரை அடக்கம் செய்தோம். அவரோடு அந்தச் செய்திகளும் கல்லறைக்குப் போய்விட்டன. நானும் அந்த அடக்கப் பூசையில் இருந்தேன். இத்தனை ஆண்டுகள் அவர் வீட்டுக்கு நாலு வீடு தள்ளிக் குடியிருந்தும், ஒரு நாளாவது நோட்டும் கையுமாக அவர் திண்ணையில் உட்காரவில்லையே என்று வெட்கப்பட்டேன்.

இந்த நிலையில்தான் சாமான் அறையில் ஒரு தகரப் பெட்டி கிடைத்தது. அதில் மரியாயின் சேனையின் பழைய மினிட் புத்தகங்கள் ஏழு இருந்தன. 1921 ஆம் ஆண்டு அயர்லாந்து நாட்டு டப்ளின் நகரில் பிராங்க் டஃப் என்ற பொதுநிலையினரால் தொடங்கப்பட்ட சபை மரியாயின் சேனை என்பதை அறிவீர்கள். வாரந்தோறும் கூட்டம் நடக்க வேண்டும்; காரியதரிசி குறிப்பு எழுத வேண்டும்; அடுத்த வாரம் அதை உரக்க வாசிக்க வேண்டும்; தலைவர் கையெழுத்திட வேண்டும் என்பது அதன் ஒழுங்கு. அந்த ஏழு புத்தகங்களையும் ஒரே கையெழுத்து நிரப்பியிருந்தது. எழுதியவர் ஒரு மில் தொழிலாளியின் விதவை. எட்டாம் வகுப்பு வரை படித்தவர். பெயரைச் சொன்னால் குடும்பத்தாருக்குக் கூச்சமாக இருக்கும், ஆகவே சொல்லவில்லை.

முதல் புத்தகத்தின் முதல் பக்கத்தில் மூன்றே வரிகள் இருந்தன. செபம் சொன்னோம், ஏழு பேர் வந்தோம், கூட்டம் முடிந்தது என்பது மட்டுமே. இரண்டாம் வாரமும் அதே மூன்று வரி. ஆறாம் மாதத்தில் எட்டு வரி ஆகிறது. யார் எந்தத் தெருவுக்குப் போனார்கள், எத்தனை வீடு சந்தித்தார்கள் என்று எழுதுகிறார். இரண்டாம் ஆண்டில் ஒரு நோயாளியைப் பார்த்துவந்த செய்தி வருகிறது. நோயாளியின் பெயரை அவர் எழுதவில்லை. அந்த அடக்கம் அவருக்குத் தெரிந்திருக்கிறது. ஆனால் அந்த வீட்டில் விளக்கில்லாமல் இருந்ததையும், போனவர்கள் மண்ணெண்ணெய் வாங்கிக் கொடுத்து விளக்கேற்றிவிட்டுச் செபமாலை சொன்னதையும் எழுதியிருக்கிறார். நான்காம் புத்தகத்தில், மில் மூடிக் கிடந்த மாதங்களில் எந்தத் தெருவில் எத்தனை வீட்டில் அடுப்பு எரியவில்லை என்பதை ஒரு பக்கத்தில் சொல்லியிருக்கிறார். அதை வாசித்தபோது எனக்குத் தொண்டை அடைத்தது. ஓலைக் கொட்டகை காற்றில் சாய்ந்த நாளும் அதில் இருக்கிறது. இந்த மலரில் நீங்கள் வாசிக்கப்போகும் வரலாற்றில் பாதிக்குமேல் அந்த ஏழு புத்தகங்களிலிருந்து எடுத்ததுதான்.

அன்பர்களே! அந்த அம்மையாருக்கு எழுத்துத் திறமையை வானத்திலிருந்து யாரும் கொட்டவில்லை. மூன்று வரியிலிருந்து முழுப் பக்கத்துக்கு அவர் வந்த வழியை நாம் தெளிவாகவே பார்க்க முடிகிறது. வாரம் தவறாமல் எழுதினார். எழுதியதை ஏழு பேர் முன்னிலையில் தம் வாயாலேயே வாசித்தார். வாசிக்கும்போது எங்கே தடுக்கியதோ அங்கே மறுவாரம் திருந்தியது. சொல்லவேண்டியது விட்டுப்போனால் மற்றவர்கள் சுட்டிக்காட்டினார்கள். இப்படியே சில ஆண்டுகள் நடந்தால் யாருக்குத்தான் எழுத்து வராது? இன்று நான் உங்களிடம் சொல்ல வந்ததும் இது ஒன்றுதான். எழுத்து பழக்கத்தால் வருவது; அந்தப் பழக்கம் நம்மில் எவருக்கும் எட்டாததல்ல.

ஔவையாரின் பெயரால் வழங்கும் தனிப்பாடல் ஒன்றில், ஓவியம் கையின் பழக்கம் என்றும், தமிழ் நாவின் பழக்கம் என்றும், கல்வி மனத்தின் பழக்கம் என்றும் சொல்லப்படுகிறது. எழுத்துக்கோ கையும் வேண்டும், நாவும் வேண்டும், மனமும் வேண்டும். ஆகவே மற்ற எதையும்விட அதற்குப் பழக்கம் அதிகம் வேண்டும் என்பது என் எண்ணம்.

இதற்கு நம் திருச்சபையிலேயே பெரிய எடுத்துக்காட்டு ஒருவர் இருக்கிறார். வீரமாமுனிவர் என்று தமிழுலகம் போற்றும் கான்ஸ்டன்டைன் ஜோசப் பெஸ்கி சுவாமிதான் அவர். 1680 இல் இத்தாலி நாட்டில் பிறந்தார். 1710 இல் கோவாவில் வந்து இறங்கினார். மதுரை மறைபரப்புத் தளத்துக்கு வந்து சேர்ந்தபோது வயது முப்பதைத் தாண்டிவிட்டது. அந்த வயதில் 'அ' எழுதத் தொடங்கினார். சுப்ரதீபக் கவிராயரிடம் தமிழ் கற்றார் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி. 1726 இல் புனித சூசையப்பரைத் தலைவராகக் கொண்ட 'தேம்பாவணி' நிறைவெய்தியது. மூன்று காண்டம், முப்பத்தாறு படலம், 3,615 பாடல்கள்!

கேட்டவுடன் மலைப்பாக இருக்கிறதல்லவா? கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்ப்போம். அவர் தமிழ்நாட்டுக்கு வந்ததிலிருந்து காவியம் முடிந்தது வரை ஏறத்தாழ பதினைந்து ஆண்டுகள். பதினைந்து ஆண்டுக்கு 5,475 நாட்கள். 3,615 பாடல்களை அத்தனை நாட்களுக்கும் பங்கிட்டால் மூன்று நாளைக்கு இரண்டு பாடல் வருகிறது. அவர் இப்படித்தான் பிரித்து எழுதினார் என்று நான் சொல்லவில்லை. மலைபோலத் தெரிவதும் நாள் கணக்கில் பிரித்தால் தூக்கக்கூடிய பாரமாகிறது என்பதற்காகவே சொல்கிறேன்.

பெஸ்கி சுவாமி காவியம் மட்டுமா எழுதினார்? உபதேசியார்களுக்கென்று எளிய உரைநடையில் 'வேதியர் ஒழுக்கம்' எழுதினார். 1730 இல் 'தொன்னூல் விளக்கம்' என்னும் இலக்கணம். 1732 இல் 'சதுரகராதி'. சிரிக்கச் சிரிக்கப் 'பரமார்த்த குரு கதை'யும் எழுதினார். சதுரகராதி என்பது பெயர், பொருள், தொகை, தொடை என நான்கு பகுதிகளாக, சொற்களை அகர வரிசையில் அடுக்கித் தந்த நூல். சொற்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கிச் சேர்த்தவருக்கே அகராதி வாய்க்கும். ஓலையில் எகரக் குறிலும் ஏகார நெடிலும், ஒகரமும் ஓகாரமும் ஒன்றுபோல் எழுதப்பட்டு வாசிப்பவர் தடுமாறிய காலம் அது. அவற்றை வேறுபடுத்திக் காட்டும் எழுத்துச் சீர்திருத்தத்தைச் செய்தவரும் அவரே. நாள்தோறும் எழுதியும் வாசித்தும் வந்தவர் கண்ணுக்குத்தான் அந்தக் குறை உறுத்தியிருக்கும். 1968 இல் இரண்டாம் உலகத் தமிழ் மாநாட்டையொட்டிச் சென்னைக் கடற்கரையில் தமிழ்ச் சான்றோருக்குச் சிலை எழுப்பியபோது இவருக்கும் சிலை எழுப்பினார்கள். அந்நிய நாட்டிலிருந்து வந்து முப்பது வயதுக்குமேல் எழுதப் பழகியவருக்குக் கிடைத்த இடம் அது. தாய்ப்பாலோடு தமிழைக் குடித்த நாம் "எழுத வராது" என்று சொல்லலாமா?

"அவர் சாமியார், குடும்பம் இல்லை, குழந்தை குட்டி இல்லை, எங்களுக்கு ஏது நேரம்?" என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். அவர்களுக்கு மாயூரம் வேதநாயகம் பிள்ளையைக் காட்டுகிறேன். 1826 இல் திருச்சிராப்பள்ளிக்கு அருகே குளத்தூரில் கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தவர். நீதிமன்றத்தில் வேலை பார்த்து, மொழிபெயர்ப்பாளராக இருந்து, முன்சீபு பதவிக்கு உயர்ந்தவர். பகலெல்லாம் வழக்கு, சாட்சி, தீர்ப்பு. ஆயினும் 1859 இல் 'நீதிநூல்' வெளியிட்டார். 1879 இல் வெளிவந்த அவருடைய 'பிரதாப முதலியார் சரித்திர'மே தமிழின் முதல் நாவல் என்று போற்றப்படுகிறது. 1805 முதல் 1861 வரையிலான சதர் நீதிமன்றத் தீர்ப்புகளைத் தமிழில் தொகுத்துத் தந்தவரும் அவரே. வழக்கையும் தீர்ப்பையும் பிறருக்கு விளங்கும்படி தமிழில் சொல்லிச் சொல்லிப் பழகிய கைதான் பிற்பாடு நாவல் எழுதியது என்று நான் நினைக்கிறேன். வயிற்றுப்பாட்டுக்குச் செய்த எழுத்து வேலையே அவருக்குப் பயிற்சியாக அமைந்தது. நம்மில் பலர் கடையில் கணக்கு எழுதுகிறோம். அலுவலகத்தில் அறிக்கை எழுதுகிறோம். மருத்துவமனையில் நோயாளியின் நிலையை எழுதுகிறோம். அதையே கவனமாக எழுதினால் அதுவும் பயிற்சிதான்.

அடுத்ததாக, "நம் பேச்சு கொச்சைங்க, இலக்கணத் தமிழ் வராதுங்களே" என்பார்கள். நம் கொங்குச் சீமை மக்களுக்கு இந்தக் கூச்சம் கொஞ்சம் அதிகம். தாராபுரம் வட்டத்துக் கீரனூரில் பிறந்த ஆர். சண்முகசுந்தரத்துக்கு இந்தக் கூச்சம் இருக்கவில்லை. 1942 இல் வெளிவந்த 'நாகம்மாள்' நாவலில் தோட்டம் துரவு, பாகப் பிரிவினை, பங்காளிச் சண்டை என்று நம் ஊர்க் கதையை நம் ஊர்ப் பேச்சிலேயே எழுதினார். வட்டார நாவல்களுக்கு அது முன்னோடி என்று இன்று அறிஞர்கள் கொண்டாடுகிறார்கள். தோட்டத்திலும் சந்தையிலும் கேட்ட சொல்லைக் கேட்டபடி தாளில் இறக்கியதுதான் அவர் பெருமை. ஆகவே நீங்களும் உங்கள் வீட்டில் பேசுகிறபடியே எழுதத் தொடங்குங்கள். எழுத்துப் பிழையைப் பிற்பாடு திருத்திக்கொள்ளலாம். மறந்துபோன சொல்லைத்தான் மீட்க முடியாது.

பொறுமைக்கு இன்னொரு கொங்கு நாட்டவரைச் சொல்கிறேன். ஈரோட்டுப் பக்கம் மொடக்குறிச்சிக்கு அருகே மஞ்சக்காட்டுவலசில் 1908 இல் பிறந்தவர் பெரியசாமித் தூரன். கோவையை அடுத்த பெரியநாயக்கன்பாளையத்தில் ராமகிருஷ்ண வித்யாலயத்தில் ஆசிரியப் பணி செய்தவர். பிற்பாடு தமிழ்க் கலைக்களஞ்சியத்தின் தலைமைப் பொறுப்பை ஏற்றார். 1954 இல் முதல் தொகுதி வந்தது. பத்தாம் தொகுதி 1968 இல் வந்தது. அத்தோடு நிற்கவில்லை. 1968 முதல் 1976 வரை குழந்தைகளுக்கென்று இன்னும் பத்துத் தொகுதிகள்! இடையில் கவிதை, கதை, கீர்த்தனை வேறு. ஓர் அறிஞர் எழுதிய கட்டுரையைப் பார்த்து, சீர்செய்து, அச்சுப்பிழை திருத்தி, மறுநாள் அடுத்த கட்டுரையை எடுக்கிற வேலை அது. ஒரு நாளில் செய்து முடித்து மாலை போட்டுக்கொள்ள இடமில்லை. செய்தால் ஆண்டுக்கணக்கில் செய்ய வேண்டும்.

கடைசியாக ஒரு தடை சொல்வார்கள். "எங்கள் வாழ்க்கையில் எழுதுவதற்கு என்ன இருக்கிறது? காலையில் எழுந்தோம், வேலைக்குப் போனோம், வந்தோம், படுத்தோம்." இதற்கும் நம் திருச்சபை வரலாற்றிலேயே பதில் இருக்கிறது. மதுரை மறைபரப்புத் தளத்தின் சேசு சபைக் குருக்கள் ஆண்டுதோறும் தம் மேலிடத்துக்குக் கடிதம் எழுதினார்கள். அது அவர்கள் சபை ஒழுங்கு. எத்தனை பேர் ஞானஸ்நானம் பெற்றார்கள் என்று எழுதும்போதே, அந்த ஆண்டு மழை பொய்த்ததையும், பஞ்சத்தில் மக்கள் ஊரைவிட்டுப் போனதையும், படைகள் வந்துபோனதையும் எழுதினார்கள். தமக்கு அது அன்றாடச் செய்தி. ஆனால் 1924 இல் ஆர். சத்தியநாத ஐயர் மதுரை நாயக்கர் வரலாற்றை எழுதியபோது, அரண்மனையில் கிடைக்காத பல செய்திகளை அந்தக் கடிதங்களிலிருந்துதான் எடுத்தார். எழுதுகிறவனுக்கு அற்பமாகத் தோன்றுவது, வாசிக்கிற பேரனுக்குப் பொக்கிஷமாக இருக்கும்.

இவ்வளவும் பேசுகிற நான் எப்படி என்று கேட்பீர்கள். கேட்க உரிமை உண்டு. முப்பத்திரண்டு ஆண்டுகள் பிள்ளைகளுக்குக் கட்டுரை கற்பித்தேன். முன்னுரை, பொருளுரை, முடிவுரை என்று பலகையில் எழுதிப்போட்டேன். சிவப்பு மையால் ஆயிரக்கணக்கான தாள்களைத் திருத்தினேன். ஆனால் சொந்தமாக ஒரு பக்கம் எழுதியதில்லை. 

என் அம்மாவைப் பெற்ற அப்புச்சி கிணறு வெட்டுகிறவர். மண்ணுக்குக் கீழே எத்தனை அடியில் என்ன வரும், எந்தக் கல்லுக்கு எப்படி உளி பிடிக்க வேண்டும் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். ஒவ்வொரு கல்லுக்கும் ஒரு பெயர் சொல்வார். அக்டோபர் மாதம் கருமத்தம்பட்டி செபமாலை மாதா திருவிழாவுக்கு என்னைக் கூட்டிக்கொண்டு நடந்தே போவார். வழியில் வருகிற ஒவ்வொரு கிணற்றையும் காட்டி, யார் வெட்டியது, எத்தனை அடியில் ஊற்று வந்தது, வெட்டும்போது யாருக்குக் கால் ஒடிந்தது என்று சொல்லிக்கொண்டே வருவார். நான் கடலை மிட்டாயை நினைத்துக்கொண்டு நடந்தேன். இன்று அந்தப் பெயர்களில் எனக்கு 'சுக்கான்' ஒன்றுதான் நினைவிருக்கிறது. மற்றவை போயின. அந்தக் கிணறுகளிலும் பலவற்றை மூடி, மேலே வீடு கட்டிவிட்டார்கள்.

ஓய்வு பெற்றபின் ஒரு நோட்டு வாங்கி, அப்புச்சியைப் பற்றி எழுத உட்கார்ந்தேன். முதல் பக்கத்தை இப்போது வாசித்தால் எனக்கே சிரிப்பு வருகிறது. 'உழைப்பின் சிகரம்', 'தியாகத்தின் திருவுருவம்' என்று அடுக்கியிருக்கிறேன். அப்புச்சி அதில் எங்குமே இல்லை. மாணவன் எழுதியிருந்தால் ஏழு மதிப்பெண் போட்டிருப்பேன்! வெட்கமாக இருந்தது, ஆனாலும் விடவில்லை. தினமும் இரவுச் செபத்துக்குப் பிறகு பத்து வரி என்று வைத்துக்கொண்டேன். பல நாள் ஒன்றும் தோன்றாது. அன்று வீட்டில் என்ன சமைத்தார்கள் என்றாவது எழுதிவிட்டுப் படுப்பேன். ஏழெட்டு மாதம் கழித்து ஒரு நாள், அப்புச்சியின் உள்ளங்கையில் இருந்த காய்ப்பைப் பற்றி நான்கு வரி எழுதினேன். என் கையைப் பிடித்துக்கொண்டு நடக்கும்போது அது உறுத்தும். அந்த நான்கு வரியை என் மனைவியிடம் வாசித்துக் காட்டினேன். "இப்பத்தானுங்க அவரு வந்திருக்காரு" என்றாள். அன்றுதான் நானும் எழுதக் கற்றுக்கொள்கிறேன் என்று நம்பிக்கை வந்தது.

பட்டபாட்டில் அறிந்த சில வழிகளை உங்களுக்குச் சொல்கிறேன்.

முதலாவது, நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். "நேரம் கிடைக்கும்போது எழுதுவேன்" என்றால் கிடைக்கவே கிடைக்காது. குடும்பச் செபமாலை முடிந்தவுடன் கால் மணி நேரம் என்று வைத்துக்கொண்டால், செபமாலையே உங்களை நோட்டுக்கு அழைத்துக்கொண்டு போகும். படுக்கப்போகுமுன் ஆன்ம சோதனை செய்கிறோம் அல்லவா? அன்றைய நாளைத் திரும்பிப் பார்க்கும் அதே மனம்தான் எழுத்துக்கும் வேண்டும்.

இரண்டாவது, அளவைச் சிறிதாக வையுங்கள். பத்து வரி போதும். நாளைக்குப் பத்து வரி என்றால் ஆண்டுக்கு 3,650 வரி. முதல் வாரமே பத்துப் பக்கம் எழுதுகிறவர் மூன்றாம் வாரம் நோட்டைத் தேடமாட்டார்.

மூன்றாவது, மேலே தேதியும் ஊரும் எழுதுங்கள். பிறகு ஒரே ஒரு காரியத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கண்ணால் கண்டது, காதால் கேட்டது, விலை, அளவு, பெயர் இவற்றை எழுதுங்கள். "நல்ல கூட்டம்" என்பதைவிட "கோவிலுக்குள் இடமின்றிப் புளியமரத்தடி வரை நின்றார்கள்" என்பது மேல்.

நான்காவது, எழுதியதை வாய்விட்டு வாசியுங்கள். நாக்கு தடுக்குகிற இடத்தில் வாக்கியம் சரியில்லை என்று பொருள். வாசித்தபின் வேண்டாத சொல் ஒன்றையாவது அடியுங்கள். வாரத்துக்கு ஒரு முறை வீட்டில் ஒருவருக்கு வாசித்துக் காட்டுங்கள். "நல்லா இருக்குது" என்று மட்டும் சொல்கிறவரைவிட, "அப்புறம் என்னாச்சுங்க?" என்று கேட்கிறவர் அதிகம் உதவுவார்.

ஐந்தாவது, ஒரு நாள் தவறிப்போனால் மனம் தளராதீர்கள். பாவசங்கீர்த்தனம் செய்துவிட்டு எழுந்து நடப்பதுபோல, மறுநாள் மறுபடி தொடங்குங்கள். நோட்டைத் தூக்கிப் பரண்மேல் போட்டுவிடுவதுதான் தவறு.

இளைஞர்களுக்கு ஒரு வார்த்தை. உங்கள் கையில் செல்பேசி இருக்கிறது; அதில் தமிழில் எழுத முடிகிறது. நல்லது, அதிலேயே எழுதுங்கள். பெரியவர்கள் சொல்வதை அதிலேயே பதிவு செய்யுங்கள். ஆனால் பதிவு செய்வதோடு விட்டுவிடாமல், கேட்டுக் கேட்டு உங்கள் கையால் எழுதிப் பாருங்கள். அப்போதுதான் சொல்லுக்கும் சொல்லுக்கும் நடுவே உள்ள நுட்பம் பிடிபடும். கருவி மாறினால் அன்றைய படம் அன்றோடு போய்விடுகிறது. நோட்டு இருந்த இடத்தில் இருக்கும்.

பங்குத்தந்தை அவர்களிடம் ஒரு விண்ணப்பம். ஞாயிறு பூசையில் விசுவாசிகளின் மன்றாட்டுகளைப் பெரும்பாலும் அச்சிட்ட புத்தகத்திலிருந்து வாசிக்கிறோம். ஒவ்வொரு அன்பியமும் முறைவைத்து, தங்கள் தெருவின் தேவைகளை அறிந்து, ஐந்து மன்றாட்டுகளைத் தாங்களே எழுதித் தங்களிடம் காட்டிவிட்டு வாசிக்கட்டும். வாரம் ஒருவர் எழுதினால் ஆண்டுக்கு ஐம்பத்திரண்டு பேர் பேனா பிடித்திருப்பார்கள். ஐந்து வரிக்குள் அயலாரின் துன்பத்தைச் சொல்லப் பழகுவது சிறந்த எழுத்துப் பயிற்சி, சிறந்த செபமும்கூட. சங்கங்களின் காரியதரிசிகளும் மினிட் புத்தகத்தைக் கடமைக்கு எழுதாமல், ஒரு நாள் யாரோ வாசிப்பார்கள் என்ற நினைவோடு எழுதட்டும்.

அந்த ஏழு புத்தகங்களை எழுதிய அம்மையார், தாம் பங்கின் வரலாற்றை எழுதுகிறோம் என்று நினைத்திருக்கமாட்டார். செவ்வாய்க்கிழமைக் கூட்டத்துக்குக் குறிப்பு எழுதினார், அவ்வளவுதான். ஏழாம் புத்தகம் பாதியில் நிற்கிறது. கடைசிப் பக்கத்தில் கையெழுத்து நடுங்குகிறது. ஆனாலும் வந்தவர் எண்ணிக்கையும், போன தெருவும், பார்த்த நோயாளிக்குக் கஞ்சி கொடுத்ததும் முறையாக எழுதப்பட்டிருக்கின்றன. அதற்குப் பின்னால் வெற்றுத்தாள்கள் இருக்கின்றன. அந்தப் பொறுப்பை அடுத்து ஏற்றவர்கள் எழுதியது எதுவும் பெட்டியில் இல்லை. நம் வரலாற்றிலும் அந்த இடத்துக்குப் பிறகு பெரிய பள்ளம் விழுந்திருப்பதை மலரை வாசிக்கும்போது நீங்களே காண்பீர்கள்.

இன்னும் ஐம்பது ஆண்டில் நம் பங்கு நூற்றாண்டு விழாக் காணும். அன்று இந்த மேடையில் நானும் இருக்கமாட்டேன். உங்களில் பலரும் இருக்கமாட்டீர்கள். இதோ முன்வரிசையில் தரையில் உட்கார்ந்து, எப்போது முடிப்பார் என்று பார்த்துக்கொண்டிருக்கிற இந்தப் பிள்ளைகள்தான் அன்று பெரியவர்கள். அவர்களும் சாமான் அறையைத் திறந்து பெட்டியைத் தேடுவார்கள். அதில் ஏதாவது இருக்க வேண்டாமா?

மலர்க்குழுவின் சார்பில் வாசலில் நாற்பது பக்க நோட்டுகள் வைத்திருக்கிறோம். வீட்டுக்கு ஒன்று எடுத்துச் செல்லுங்கள். ஒரு விலையும் இல்லை. ஆனால் வெறுமனே திருப்பித் தரக்கூடாது! இன்று இரவே முதல் பக்கத்தில் தேதியைப் போட்டு, உங்கள் வீட்டில் வயதில் மூத்தவர் யாரோ அவர் சொல்லும் ஒரு செய்தியைப் பத்து வரியில் எழுதுங்கள். மூன்று வரிதான் வந்தாலும் பரவாயில்லை. அந்த அம்மையாரும் மூன்று வரியில்தான் தொடங்கினார்.